கேட்பாருக்குக் கிடைக்கும் பழைய படங்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்தவர்கள் இலக்கியமும் சமயமும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள் என்னை அழைத்து, "நீரும் சிறிது நேரம் பேசத்தான் வேண்டும்" என்று கட்டளையிட்டுவிட்டார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டுச் சரக்கு அலுவலகத்தில் காலந்தள்ளும் நான் இலக்கியம் பேசத் துணிந்தால், அது இலக்கியத்துக்கும் நல்லதன்று; கேட்கும் உங்களுக்கும் நல்லதன்று. ஆகவே, நான் நேரில் கண்டறிந்த ஒரு சிறு செய்தியைச் சொல்லுகிறேன். கிடைத்தற்கரிய பழைய திரைப்படங்களைச் சொல்லி வைத்துச் செய்து வாங்குவது எப்படி என்பதே அச்செய்தி. சினிமாதானே என்று இகழ்ந்துவிடாமல் இறுதிவரை கேட்குமாறு வேண்டுகிறேன்.

நம் காலனியில் வாழ்ந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயரைச் சொல்லாமலே உங்களில் பலர் அறிந்துகொள்வீர்கள். மாலை வேளையில் படிப்பகத்துக்கு வந்து பத்திரிகை புரட்டுவார். பிறகு யாரேனும் அகப்பட்டால் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "தம்பி, டார்ஜான் இந்தியாவுக்கு வந்த படம் எங்கேயாவது கிடைக்குமா?" என்பதே அக்கேள்வி. இளைஞர்கள் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

அவர் கேட்ட படம் மெய்யாகவே உள்ள படம். 'டார்ஜான் கோஸ் டு இந்தியா' என்பது அதன் பெயர். மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தார் 1962-இல் வெளியிட்டது. ஜான் கில்லர்மின் இயக்கினார். ஜாக் மஹோனி டார்ஜானாக நடித்தார். நம் நாட்டு நடிகர் பிரோஸ் கானும், அப்போது புதுமுகமான சிமி கரேவாலும் அதில் உண்டு. அணை ஒன்று கட்டி முடிந்ததும் வெள்ளத்தில் மூழ்கிவிடப் போகும் பள்ளத்தாக்கிலிருந்து பெரிய யானைக்கூட்டம் ஒன்றைக் காப்பாற்றுவதே கதை. ஹாலிவுட்டில் அட்டை மரங்களை நட்டு வைத்து எடுக்காமல், நம் நாட்டுக்கே வந்து எடுத்தார்கள்.

பெரியவர் அப்போது பத்து வயதுச் சிறுவன். மைசூர்ப் பக்கத்தில் மரக்கிடங்கு ஒன்றில் அவருடைய தந்தையார் கூலி வேலை பார்த்து வந்தார். படம் பிடிக்க வந்தவர்கள் கூட்டத்தில் நிற்பதற்கு ஆள் கேட்டார்களாம். கிடங்குக் கூலியைவிட இரட்டைக் கூலி என்றதும் தந்தையார் போய் நின்றிருக்கிறார். இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் காலமாகிவிட்டார். அவருக்கென்று ஒரு புகைப்படம் எடுக்க அக்குடும்பத்தில் யாருக்கும் வசதி இருந்ததில்லை. "என் அப்பாவின் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது, தம்பி. அந்தப் படத்தில் எங்கோ ஒரு மூலையில் நின்றிருப்பார்" என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். அன்றோடு நான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

தேடத் தொடங்கிய பின்னரே, பழைய படம் ஒன்றை வாங்குவது எத்தனை அரிது என்பது விளங்கிற்று. அக்காலத்தில் கடைகளில் படத் தகடுகளுக்குப் பஞ்சமில்லை. 2007-ஆம் ஆண்டில் மோசர் பேர் என்னும் இந்திய நிறுவனத்தார் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விலை வைத்துத் தமிழ் உட்படப் பல மொழிப் படங்களை விற்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் வீடுகளிலும் அத்தகடுகள் அடுக்கடுக்காகக் குவிந்தன. (அந்நிறுவனமே 2018-இல் கலைப்புக்கு உள்ளாகிவிட்டது.) அவ்வளவு மலிவாக விற்க முடிந்தது எதனால்? ஒரே படத்தைப் பல்லாயிரக் கணக்கில் அச்சிட்டதனால்.

அச்சிடுதல் என்னும் சொல்லை வேண்டுமென்றேதான் சொல்லுகிறேன். கடையில் விற்கும் சாதாரண டி.வி.டி. உண்மையில் அச்சடித்த பொருளே. முதலில் கண்ணாடியின்மேல் மூலத்தகடு ஒன்று உருவாக்குவார்கள். அதிலிருந்து நிக்கல் உலோகத்தில் அச்சு எடுப்பார்கள். உருகிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அவ்வச்சில் அழுத்தி வார்த்து, ஒளியைத் திருப்புவதற்காக அலுமினியப் பூச்சு பூசி, ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரு பாதிகளை ஒன்றாக ஒட்டுவார்கள். அச்சு தயாராகிவிட்டால், ஒவ்வொரு தகடும் நொடிக் கணக்கில் விழும். செலவும் மிகச் சொற்பம். ஆனால் அந்த முதல் அச்சுக்கு ஆகும் செலவு, பத்துத் தகடு அடித்தாலும் ஒன்றுதான், பதினாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். ஆகவே பதினாயிரம் பேர் வாங்கும் படத்துக்கே அச்சு இடுவார்கள். ஐந்நூறு பேர் மட்டுமே விரும்பும் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

நம் தொழிலில் இதற்கு நல்ல உவமை இருக்கிறது. பயணிகள் வண்டி கால அட்டவணைப்படி ஓடும். ஏறுவார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புறப்பட்டுவிடும். சரக்கு வேகனோ அப்படியன்று. வியாபாரி வந்து, "இன்ன சரக்கு, இன்ன ஊருக்கு, இத்தனை வேகன் வேண்டும்" என்று இண்டென்ட் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் வேகன் வந்து நிற்கும். கேட்பார் இல்லாத ஊருக்கு வேகன் போகாது. படத் தகடுகளையும் இந்த இண்டென்ட் முறையில் விற்றால் என்ன என்று அமெரிக்காவில் சிலர் எண்ணினார்கள்.

2009 மார்ச் மாதம் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தார் 'வார்னர் ஆர்க்கைவ் கலெக்‌ஷன்' என்ற பெயரில் அதனைத் தொடங்கினார்கள். முதல் நாள் பட்டியலில் 150 படங்கள். ஒரு தகட்டின் விலை 19 டாலர் 95 சென்ட். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். கிடங்கில் தகடு எதுவும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். ஒருவர் பணம் கட்டிக் கேட்ட பிறகே வெற்றுத் தகடு ஒன்றில் அப்படத்தைப் பதிந்து, மேலட்டை அச்சிட்டு, உறையிலிட்டு அஞ்சலில் அனுப்புவார்கள். ஒருவர் கேட்டால் ஒன்று. நூறு பேர் கேட்டால் நூறு. விற்காமல் தேங்கும் சரக்கு என்பது இம்முறையில் கிடையாது. பின்னர் அப்பட்டியல் ஆயிரத்தைத் தாண்டி வளர்ந்தது. யுனிவர்சல், சோனி, ஃபாக்ஸ் நிறுவனத்தாரும் அடுத்த சில ஆண்டுகளில் இவ்வழியைப் பின்பற்றினார்கள்.

மெட்ரோ கோல்ட்வின் மேயர் படம் வார்னர் நிறுவனத்தாரிடம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். 1986-இல் டெட் டர்னர் என்பவர் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். கடன் தாங்க முடியாமல் விரைவிலேயே பெரும்பகுதியைத் திருப்பி விற்றார். ஆனால் பழைய படங்களின் உரிமையை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1996-இல் டர்னர் நிறுவனம் டைம் வார்னரோடு இணைந்தது. அவ்வாறு அப்படங்கள் யாவும் வார்னர் பெட்டகத்துக்கு வந்து சேர்ந்தன. படத்தை எடுத்தவர் ஒருவர், உரிமை உடையவர் வேறொருவர் என்பது பழைய படங்களைத் தேடுவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய பாடம்.

பெரியவர் கேட்ட டார்ஜான் படமும் அந்தப் பட்டியலில் இருந்தது! ஆனால் தொடக்கத்தில் அமெரிக்க முகவரிக்கு மட்டுமே அனுப்புவோம் என்று அவர்கள் விதி வைத்திருந்தார்கள். நல்ல வேளையாகப் பெரியவருடைய தங்கை மகன் அங்கே வேலையில் இருந்தார். அவருக்கு எழுதி, அவர் வரவழைத்து, விடுமுறையில் வந்தபோது கையோடு கொண்டுவந்து கொடுத்தார். 2013-ஆம் ஆண்டு மழைக்காலம் அது.

உறையைப் பிரித்ததும் வீட்டில் ஒரு கலகம் எழுந்தது. தகட்டைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளி நிறம் இல்லை. ஊதா நிறமாக இருந்தது. பக்கத்து வீட்டு இளைஞன், "ஐயா, நன்றாக ஏமாந்துவிட்டீர்கள். இது சந்தையில் முப்பது ரூபாய்க்கு விற்கிற திருட்டுத் தகடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். போதாக்குறைக்கு அவர் வீட்டுக் கருவியில் போட்டதும், கருவி சிறிது நேரம் உறுமிவிட்டுத் தகட்டை வெளியே தள்ளிவிட்டது. பெரியவர் ஒரு சொல்லும் பேசவில்லை. தகட்டை உறையில் இட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இளைஞன் சொன்னது தவறு; ஆனால் அவன்மேல் குற்றமில்லை. அமெரிக்காவிலேயே வாங்கியவர் பலர் இந்த ஊதா நிறத்தைக் கண்டு முறையிட்டிருக்கிறார்கள். அச்சிட்ட தகட்டில் செய்தி பள்ளங்களாக வார்க்கப்பட்டிருக்கும். பதிந்த தகட்டிலோ சாயப் படலம் ஒன்று இருக்கும். லேசர் ஒளி அதனைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுச் செய்தியை எழுதுகிறது. அச்சாயத்தின் நிறமே ஊதா. திருட்டுத் தகடும் இதே முறையில்தான் செய்யப்படுகிறது. ஆகவே நிறத்தைக் கொண்டு மட்டும் நல்லது கெட்டது அறிய முடியாது. யார் பதிந்தார், எந்த மூலத்திலிருந்து பதிந்தார், உரிமை உடையவரா என்பனவே நாம் பார்க்க வேண்டியவை. அன்றியும், படம் பார்ப்பதற்கென்றே அமைந்த சாதாரணக் கருவிகளில் இத்தகடு ஓடும் என்றும், பதிவுக் கருவிகளிலும் கணிப்பொறிகளிலும் ஓடாமல் போகலாம் என்றும் உறையின்மேலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். பெரியவர் வீட்டில் இருந்தது பதிவும் செய்யக்கூடிய கருவி.

மறுநாள் மாலை எங்கள் வீட்டுப் பழைய கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். தகடு ஓடியது. பெரியவரும், அவர் மனைவியாரும், தங்கை மகனும், நானும், முதல் நாள் தீர்ப்புச் சொன்ன இளைஞனும் உட்கார்ந்து பார்த்தோம். யானைகள் வந்தன, காடு வந்தது, கூட்டமும் வந்தது. பெரியவர் கதையைப் பார்க்கவேயில்லை. கூட்டம் வரும் இடங்களிலெல்லாம், "நிறுத்து, நிறுத்து" என்பார். முன்னே எழுந்து போய்க் கண்ணாடியை ஒட்டி நின்று பார்ப்பார். ஓரிடத்தில், தலையில் துணி கட்டிய ஒருவர் பக்கவாட்டில் திரும்பி மறைகிறார். இரண்டு நொடி இருக்கலாம். அவ்விடத்தை ஏழெட்டு முறை ஓட்டச் சொன்னார். கடைசியில் தம் இடத்துக்கு வந்து அமர்ந்தார்.

"அவர்தானா ஐயா?" என்று கேட்டேன்.

"தெரியவில்லை தம்பி. நடை அப்படித்தான் இருக்கிறது. அவர் இல்லாவிட்டாலும், அவரோடு நின்றவராவது இருப்பார். அந்த இடத்தைப் பார்த்துவிட்டேன், போதும்" என்றார்.

அன்றுமுதல் அவர் படிப்பகத்தில் அக்கேள்வியைக் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் அவரும் காலமானார். இன்று அத்தகடு அவருடைய மகள் வீட்டில் இருக்கிறது.

அன்பர்களே! இத்தகைய தகடு வாங்க விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மிகுந்த அலங்காரத்தை எதிர்பார்க்கலாகாது. கையிலிருக்கும் மூலங்களுள் நல்லதை எடுத்து அப்படியே பதிவதே பெரும்பாலும் வழக்கம். கீறல் நீக்கிப் புதுப்பித்திருந்தால் அதனை உறையில் தனியே குறித்திருப்பார்கள். அடியில் எழுத்து ஓடும் வசதி பல தகடுகளில் இராது. காதுகேளாத முதியவருக்கு வாங்குவோர் இதனை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மண்டலக் குறி. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து டி.வி.டி.க்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கா ஒன்றாம் மண்டலம். இந்தியா ஐந்தாம் மண்டலம். ஒன்றாம் மண்டலத்துக்கு மட்டும் உரிய தகடு ஐந்தாம் மண்டலக் கருவியில் ஓடாது. எல்லா மண்டலத்துக்கும் பொது என்று குறித்த தகடானால் கவலை இல்லை. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையும் நம் நாட்டுப் பால் முறையும் வெவ்வேறு. இரண்டையும் ஏற்கும் கருவிதானா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, பாதுகாப்பு. பதிந்த தகட்டின் சாயத்துக்கு வெயிலும் வெப்பமும் பகை. சன்னல் ஓரத்திலும், தொலைக்காட்சிப் பெட்டியின் தலைமேலும் வைக்கலாகாது. உறையிலிட்டு நூலைப்போல் நிமிர்த்தி, இருளும் குளிர்ச்சியும் உள்ள அலமாரியில் வைக்க வேண்டும். மேலே காகிதம் ஒட்டுதல் ஆகாது. முடிந்தால் வேறொரு கருவியில் பிரதி இருத்தல் நலம்.

அச்சிட்ட தகடு அழியாது என்றும் எண்ணிவிடாதீர்கள். 2006 முதல் 2008 வரை அச்சிட்ட வார்னர் டி.வி.டி.க்களில் சில, எந்தக் கீறலும் இல்லாமலே உள்ளுக்குள் கெட்டுப்போயின என்பதை 2025-இல் அந்நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டு, மாற்றித் தர முன்வந்தார்கள். 2012 நவம்பர் முதல் ஆர்க்கைவ் வரிசையில் புளூரே தகடுகளும் வருகின்றன. அவை பதிந்தவை அல்ல, அச்சிட்டவையே. பார்ப்பதற்கு மிகத் தெளிவு. ஆனால் அவற்றையும் பேணத்தான் வேண்டும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லாம் கைப்பேசியிலேயே வருகிறதே" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பழைய படங்களுக்கென்றே 'ஃபிலிம்ஸ்ட்ரக்' என்று ஒரு மின்வழிச் சேவை 2016 நவம்பரில் தொடங்கியது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2018 நவம்பர் 29 அன்று அது மூடப்பட்டது. மாதச் சந்தா கட்டியவர் கையில் எஞ்சியது ஒன்றுமில்லை. தகடு வாங்கியவரிடம் தகடு இருந்தது. வாடகை வீடும் வீடுதான். ஆனால் வீட்டுக்காரர் பூட்டினால் நாம் வெளியேதான் நிற்க வேண்டும்.

இனி, இச்செய்தியில் என் மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். சொல்லி வைத்துச் செய்து வாங்க வேண்டுமானால், செய்வதற்கு மூலம் இருக்க வேண்டுமன்றோ? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் 2013-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளிவந்த 10,919 முழுநீள மௌனப் படங்களுள், வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியிருப்பவை நூற்றுக்கு 14 மட்டுமே. அவ்வளவு செல்வம் படைத்த நாட்டின் நிலையே இது.

காரணங்கள் பல. 1950-களின் தொடக்கம் வரை படச்சுருள்கள் பெரும்பாலும் நைட்ரேட்டினால் செய்யப்பட்டன. அது மருந்துபோல் தீப்பற்றும்; பற்றினால் அணையாது; வைத்த இடத்திலேயே உருகிப் பிசினாகவும் போகும். ஓடி முடிந்த படத்தில் உள்ள வெள்ளியை எடுத்து விற்பதற்காக உருக்கியவர்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் ஒன்று உண்டு. ஓடி முடிந்த படத்தை மறுபடி யாரும் கேட்பார் என்று ஒருவரும் எண்ணவில்லை.

நம் நிலையைப் பார்ப்போம். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னாட்டின் முதல் மௌனப் படம். அதன் பிரதி இன்று இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம், டி. பி. ராஜலட்சுமி நடித்தது. அதன் பிரதியும் இல்லை. ஆயிரம் ரூபாய் அன்று, பத்து லட்சம் கொடுக்கிறோம் என்றாலும் அவற்றை யாரும் நமக்குத் தகட்டில் பதிந்து தர முடியாது.

ஒரே ஒரு மௌனப் படம் வேடிக்கையான வகையில் பிழைத்தது. சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி 1933-இல் எடுக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' அது. கதையின் உரிமை பற்றி நூல் வெளியீட்டாளர் வழக்குத் தொடுத்தார். படம் முடக்கப்பட்டு, பிரதி அவர்கள் வசம் போய்க் கிடந்தது. 1974-இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தார் அதனைக் கண்டெடுத்தார்கள். தடையின்றி ஓடிய படங்கள் அழிந்தன. தடைபட்ட படம் பிழைத்தது. விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்!

அக்காப்பகம் 1964-இல் தொடங்கப்பட்டது. பி. கே. நாயர் போன்றோர் ஊர் ஊராக அலைந்து சுருள்களைத் திரட்டிச் சேர்த்தார்கள். அங்கும் 2003 ஜனவரி 8 அன்று நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கில் தீப்பிடித்துப் பல பழம்படங்கள் சாம்பலாயின. காப்பவர் இருந்தும் இந்நிலை என்றால், காப்பவரே இல்லாதவற்றின் கதி என்ன?

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். படம் பெட்டியில் இருப்பதாலே மட்டும் வாழ்வதில்லை. கேட்பார் இருந்தால் உடையவர் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். திறந்து பார்த்தால்தான் உள்ளே சுருள் நலமா, உருகுகிறதா என்பது தெரிகிறது. தெரிந்தால்தான் பிரதி எடுக்கிறார். எங்கோ ஒரு காலனியில் இருக்கும் ஒருவர் ஆயிரம் ரூபாய் கட்டிக் கேட்பது அற்பச் செயலன்று. அது அப்படத்துக்கு ஓர் ஆண்டு ஆயுளைக் கூட்டுகிற செயல் என்றே நான் கருதுகிறேன்.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். நம் சங்கத்தின் அலமாரியில், மேல் தட்டில், வீடியோ கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. முன்னாளில் நம் பெரியோர் இதே மேடையில் நடித்த நாடகங்கள், பொங்கல் விழாக்கள், குழந்தைகளின் நடனங்கள் எல்லாம் அவற்றில் பதிந்துள்ளன. என் தந்தையார் கட்டபொம்மன் வேடத்தில் முழங்கிய இரவும் அதில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. சென்ற மாதம் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அவற்றை ஓட்டிப் பார்க்கக் கருவியும் இல்லை. உலகத்தில் கடைசியாக அக்கருவியைச் செய்து வந்த ஜப்பானிய நிறுவனத்தாரும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். பழுது நீக்கிய பழைய கருவிகளே இனி நமக்குக் கதி.

டார்ஜான் படத்தைப் பெட்டகத்தில் வைத்துக் காக்க அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. நம் காலனி நாடகத்தைக் காக்க எந்த நிறுவனம் வரும்? அதற்கு இண்டென்ட் கொடுக்க வேண்டியவரும் நாம். வேகனை அனுப்ப வேண்டியவரும் நாமேதான்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு சிறு விண்ணப்பம் வைக்கிறேன். ஒவ்வொரு குடும்பத்தாரும் தங்கள் வீட்டுப் பரணில் உள்ள கேசட்டுகளை, கெட்டவை நல்லவை என்று பாராமல், படிப்பகத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். யார் எடுத்தது, எந்த ஆண்டு, யார் யார் நடித்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சேர்க்க வேண்டும். பெயர் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதனைச் செய்தாக வேண்டும். ஓடும் நிலையில் உள்ள கருவி யாரிடமேனும் இருந்தால் இரவலாகத் தர வேண்டும். கணிப்பொறி அறிந்த இளைஞர்கள் இருவர் முன்வந்தால், இரண்டு பிரதிகள் எடுத்து ஒன்றைச் சங்கத்திலும் ஒன்றை வேறொரு வீட்டிலும் வைக்கலாம். அதன்பின், எந்தக் குடும்பத்தார் கேட்டாலும், அவர்களுக்கு வேண்டியதை மட்டும் பதிந்து கொடுக்கலாம். செலவுக்கு முதல் தவணையாக என்னாலான 500 ரூபாயைப் பொருளாளரிடம் இன்றே செலுத்தியிருக்கிறேன்.

இன்னும் நாற்பது ஆண்டுகள் கழித்து, இக்காலனியில் பிறந்த பிள்ளை ஒருவர் எந்த நாட்டிலிருந்தோ எழுதி, "என் பாட்டி ஒரு பொங்கல் விழாவில் கும்மி அடித்தாராமே, அது கிடைக்குமா?" என்று கேட்கலாம். அப்போது இச்சங்கத்தின் செயலாளராக இருப்பவர், "கிடைக்கும், முகவரி அனுப்புங்கள்" என்று பதில் எழுதக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அதுவே என் ஆசை.